வாடை இறங்காத வீடு

மார்கழி பிறந்தால் மெஹர் பானுவின் அடுப்படியில் பாத்திர மூடிகள் காணாமல் போகும்.

சாதாரணத் திருடன் என்றால் பித்தளைக் குடத்தைத் தூக்குவான், செம்பைத் தூக்குவான். மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டியை விட்டுப் போகிற திருடனை என்ன சொல்லி ஏசுவது? முதல் வருஷம், கல்யாணமாகி வந்த புதுசு. அவள் பூனையைத் திட்டினாள், பால்காரனைச் சந்தேகப்பட்டாள். தை பிறந்ததும் மூடிகள் ஓரம் நசுங்கி, தேய்ந்து, தாமாகவே அலமாரிக்குத் திரும்பி வந்தன. விளிம்பு மடிப்பில் மணல் இருந்தது.

இரண்டாம் வருஷம் அவள் பிள்ளைத்தாய்ச்சி. அந்த நேரத்தில் பெண்களுக்கு மூக்கும் கூர்மை, சந்தேகமும் கூர்மை. தூக்குச்சட்டி மூடி மறைந்த அன்றே அவள் தன் வீட்டுக்காரனை ஏற இறங்கப் பார்த்தாள். சேக் அலாவுதீன் படகுக்காரர்களுக்குக் கயிறும் தாரும் விற்கிற கடை வைத்திருந்தான். சண்டைக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் ஊரில் அவனைச் சொல்தா அலாவுதீன் என்றார்கள். காரைக்காலில் வெள்ளைக்காரன் கொடி இன்னும் இறங்காத காலம் அது. அதிர்ந்து பேசாத மனுஷன். ஆனால் கொஞ்ச நாளாகச் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நகக் கண்ணெல்லாம் மண்.

கடற்கரையில் எவளையோ பார்க்கப் போகிறான் என்று மெஹர் பானு முடிவு கட்டினாள். அங்கே தூக்குச்சட்டி மூடிக்கு என்ன வேலை என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

ஒருநாள் அசர் தொழுகை முடிந்து அவன் கிளம்பியதும், வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள். கருக்களாச்சேரிக்குப் போகிற மணல் பாதையில் அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். மீனவர் குடிசைகளைத் தாண்டி, மழைக் காலத்தில் ஆறு கொண்டுவந்து தள்ளிய வண்டல் மேட்டுக்குப் போனான். அங்கே பெண் யாரும் இல்லை. ஒரு மணல் குவியல் இருந்தது. இடுப்பு உயரம், வழுவழுவென்று தட்டி உருட்டியது. அதன் முன்னால் மண்டியிட்டு, அவளுடைய தூக்குச்சட்டி மூடியால் அவன் அடியில் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவளுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது.

"என்னங்க இது? யாருக்குக் கபுரு தோண்டுறீங்க?"

அலாவுதீன் திடுக்கிடவில்லை. அவளை ரொம்ப நேரமாக எதிர்பார்த்தவன் போலத் தலையைத் தூக்கினான்.

"கபுரு இல்ல பானு. வீடு."

"ஆருக்கு?"

"இளையபெருமாளுக்கு."

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டிருந்தாள். கருக்களாச்சேரிப் பையன், இவனோடு ஒரே கப்பலில் பட்டாளத்துக்குப் போனவன், போன இடத்திலேயே செத்தவன். அவன் தாய் பூவாயி இன்றைக்கும் இதே கடற்கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். செத்தவனுக்கு எதற்கு வீடு?

அவள் மணலில் உட்கார்ந்தாள். அவன் சுரண்டிக்கொண்டே சொன்னான். கை ஓயாமல் இருந்தால்தான் அவனுக்கு அதைச் சொல்ல வந்தது.

சண்டையின் கடைசிக் குளிர்காலம். பிரான்சு தேசத்து மலை ஒன்றின் மேல் இருந்த காவல் சாவடிக்குச் சாமான் கொண்டு போகிற வேலை அவனுக்கும் இளையபெருமாளுக்கும். வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கண்ணுக்கு நேரே நீட்டிய கை தெரியவில்லை. பொதி சுமந்த கோவேறு கழுதை மிரண்டு ஓடியது. கூடாரம், மண்வெட்டி, கம்பளி எல்லாம் அதோடு போயிற்று. மிஞ்சியது இரண்டு பேர், ஒரு இரும்புத் தொப்பி, ஒரு சாப்பாட்டு டப்பா மூடி.

மலையில் பிறந்த ஒருத்தன், அவர்கள் பட்டாளத்துச் சின்ன அதிகாரி, கப்ரால் என்பார்கள், முன்பே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். வழி தவறினால் நடக்காதே, வீடு கட்டு. பனியைக் குவி, மிதித்துக் கெட்டிப்படுத்து, கொஞ்சம் இறுகவிடு. பிறகு அடியில் வளை தோண்டி உள்ளே போ. வாசல் தாழ்ந்திருக்கட்டும், படுக்கிற மேடு உயர்ந்திருக்கட்டும். உச்சியில் ஒரு துளை போடு. எது வந்தாலும் அந்தத் துளையை மூடாதே.

"தொப்பியால அள்ளுனோம். மூடியால சுரண்டுனோம். கை மரத்துப் போச்சு, நகம் பேந்ததுகூடத் தெரியல. அவன் என்னமோ சின்னப் புள்ளையில இங்க மண்ணுல வெளையாடுன மாதிரி சிரிச்சிக்கிட்டே தோண்டுனான். உள்ள போயிப் படுத்ததும் அப்புடி ஒரு கதகதப்பு பானு. வெளிய காத்து ஊளை விடுது. உள்ள சத்தமே இல்ல."

துளை இளையபெருமாளின் தலைமாட்டுக்கு நேராக அமைந்துவிட்டது. 'தலையில வாடை எறங்குதுடா சேக்கு, அம்மா பாத்தா வையும்' என்றான் அவன். மூடித் தொலைக்காதே என்று அலாவுதீன் சொன்னான். சரி என்றான். அலாவுதீன் வாசல் பக்கம் படுத்துத் தூங்கிப்போனான்.

இளையபெருமாளின் அப்பன் ஒரு மார்கழியில் ஜன்னி கண்டு செத்தவர். தலையில் வாடைக்காற்று பட்டதுதான் காரணம் என்பது பூவாயியின் தீர்மானம். அன்றிலிருந்து மகன் தலையில் துணி கட்டாமல் அவள் அவனை வெளியே விட்டதில்லை. ஓட்டைக் குடிசையில் ஒரு கீற்று இடைவெளி இருந்தாலும் வைக்கோலைத் திணித்து அடைத்துவிட்டுத்தான் படுப்பாள். கப்பலேறுகிற அன்று ஒரு சிவப்புக்கரைத் துண்டைக் கொடுத்து, அதன் முனையில் மாரியம்மன் திருநீற்றை முடிந்து, 'எந்தச் சீமையில படுத்தாலும் தலைமாட்டுல வாடை எறங்க விடாத' என்று சொல்லி அனுப்பினாள்.

"கால் பிடிச்சிக்கிச்சின்னு தூக்கத்துல ஒதைச்சேன். வாசல்ல அடஞ்சிருந்த பனி ஒடஞ்சி காத்து வந்துச்சு, நான் முழிச்சேன். அவன் முழிக்கல. அந்தத் துண்டச் சுருட்டித் துளையில அடச்சி வச்சிருந்தான். மூச்சு முட்டிச் செத்த மூஞ்சியாவே இல்ல. தூங்குற மூஞ்சி. அந்தத் துண்டாலேயே போத்தி, அந்த வீட்டையே அவன் மேல சாச்சி மூடிட்டு வந்தேன்."

மெஹர் பானு தூரத்தில் தெரிந்த குடிசைகளைப் பார்த்தாள். "அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"எப்புடிச் சொல்ல? ஒம்புள்ள நீ சொன்னதத்தான் செஞ்சான், அதுலதான் செத்தான்னு ஒரு தாய்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? குளிர்ல போயிட்டான்னு சொன்னேன். வீடு நல்ல வீடுதான், மேல சின்னத் துளை ஒண்ணு, அவ்வளவுதான்னு சொன்னேன். நீயும் சொல்லிடாத. ஒம்மேல ஆணை, வயித்துப் புள்ள மேல ஆணை."

ஆணை வைப்பதற்கு வயிற்றுப் பிள்ளையை விட்டால் இவனுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டாள்.

"அதுக்கு இங்க மணல்ல எதுக்கு வீடு?"

"மார்கழி வந்தா கேக்குறான். தகரத்தால சுரண்டுற சத்தம். கட்டிலுக்கு அடியில கேக்கும், கடையில கயிறு சுத்துக்குப் பின்னால கேக்கும். நான் இங்க வந்து தோண்ட ஆரம்பிச்சா நின்னுடும். துளை அடைக்காத ஒரு வீட்டுல அவன் தூங்கணும் பானு. தூங்கிட்டான்னா என்னைய விட்டுடுவான்."

"மவுத்தானவங்களுக்கு வீடு குடுக்குறது அல்லாவோட வேலைங்க. உங்க வேலை கயிறு விக்கிறது. அப்புடியே கட்டுறதுன்னாலும் ஒரு மம்பட்டி வாங்கிக் கட்டுங்களேன், என் மூடியெல்லாம் நாசமாப் போவுது."

"அன்னைக்கி எங்கள்ட்ட மம்பட்டி இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அவன் மறுபடி சுரண்டத் தொடங்கினான்.

மணல் பனி இல்லை. ஒவ்வொரு வருஷமும் வளை பாதி தோண்டும் முன்னே கூரை பொலபொலவென்று சரிந்துவிடும். அவன் மறுபடி குவிப்பான், மறுபடி சரியும், மார்கழி கழிந்துவிடும். அது சரிகிற வரைக்கும் ஆபத்து இல்லை என்று மெஹர் பானு தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆண்பிள்ளைகளுக்குப் புகையிலை, சீட்டு என்று எத்தனையோ கிறுக்கு உண்டு, இவனுக்கு இது.

அந்த வருஷம் அது சரியவில்லை. மழை ஏராளமாகக் கொட்டியிருந்தது. ஆறு தள்ளிய வண்டல் மணலோடு பிசைந்து களிமண் போலப் பிடித்துக்கொண்டது. அலாவுதீன் உள்ளே தவழ்ந்து போய்ப் படுக்கிற மேட்டையும் முடித்துவிட்டான். உச்சியில் விரல்கள் நுழையும்படி துளையும் போட்டான். உள்ளே இரண்டு பேர் படுக்க இடம் இருந்தது. மெஹர் பானு குனிந்து கையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். அந்த வாசலிலிருந்து வந்த குளிர் கடற்கரைக் குளிரைப் போல இல்லை. உப்பு வாசனையே இல்லாத, வறண்ட குளிர். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நான் ஒரு ராத்திரி அவன்கூட இதுல படுக்கணும்" என்றான் அவன்.

"படுப்பீங்க! நான் இங்கேயே ஒக்காந்து தாலிமணிய அத்துப் போடுறேன், பாத்துட்டுப் படுங்க."

அவள் போட்ட சத்தத்தில் தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மூடியைத் துடைத்து அவளிடம் கொடுத்தான்.

மறுநாள் போனபோது துளை அடைபட்டிருந்தது. வைக்கோலை முறுக்கித் திணித்து, மேலே ஈர மண் பூசி, பாந்தமாக மூடியிருந்தது. அலாவுதீன் அதைப் பிடுங்கி எறிந்தான். அடுத்த நாளும் அடைபட்டிருந்தது. அதற்கடுத்த நாளும்.

"பசங்க வேலைங்க" என்றாள் மெஹர் பானு. சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை இல்லை. பசங்கள் என்றால் மேலே ஏறி மிதித்து உடைப்பார்கள். இத்தனை பதவிசாக யார் அடைப்பார்கள்?

அலாவுதீனின் உதடு வெளுத்திருந்தது. "அவன்தான். அவனுக்கு இன்னும் வாடை அடிக்குது. இன்னும் அடைக்கிறான்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது. அலமாரிக்குப் பின்னால், சுவருக்குள், தகரம் எதையோ சுரண்டுகிற சத்தம். கொஞ்சம் சுரண்டும், ஓயும், மறுபடி சுரண்டும். எலி என்று சொல்லிக்கொண்டு ஆயத்துல் குர்ஸி ஓதினாள். ஓதி முடித்ததும் சத்தம் நின்றது. மீதி அரிசியைப் புடைக்காமலே முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

பயந்தவள்தான், ஆனால் பயத்தைப் பொத்திக்கொண்டு உட்காருகிற ரகம் இல்லை. மறுநாள் விடியலில் சுபுஹு தொழுத கையோடு, புருஷன் பள்ளிவாசலிலிருந்து வருவதற்கு முன்னால், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். பனிமூட்டம் தரையோடு கிடந்தது. கடல் எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. அவள் குவியலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு உருவம் வந்தது. கூனல். தலையிலிருந்து முழங்கால் வரை வெளுத்த துணி. அது நேராகக் குவியலுக்குப் போய், அதை அணைத்துக்கொள்வது போலச் சாய்ந்து, உச்சியில் கையை வைத்து எதையோ திணித்தது. பிறகு மண்ணைத் தட்டியது, பிள்ளையைத் தூங்கவைக்கிற தட்டல்.

"யா அல்லாஹ்!"

அந்தக் கூச்சலில் உருவம் திரும்பியது. வெள்ளைத் துப்பட்டிக்குள் நிற்கிற மெஹர் பானுவைப் பார்த்து, "ஐயோ, மாரியாத்தா!" என்று அதுவும் கத்தியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பேய் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு கருவாட்டு வாசனை வந்தது. பேய்க்குக் கருவாட்டு வாசனை வராது என்று மெஹர் பானுவுக்குத் தைரியம் வந்தது.

"பூவாயம்மாவா?"

"சொல்தா தம்பி வூட்டுப் பொண்ணா? வாயும் வயிறுமா இருக்கிறவ இந்த வாடையில எதுக்குத் தாயி வந்த? காத மூடிக்க, மூடிக்க."

மெஹர் பானு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "நீங்களா இத அடைக்கிறீங்க?"

"வேற ஆரு?" பூவாயி துளை இருந்த இடத்தைத் தடவினாள். "தம்பி என் புள்ளைக்கு வூடு கட்டுதுன்னு தெரியும். இப்புடி ஒரு வூட்டுலதான் படுத்திருந்தாங்களாம். மேல தொளை வுட்டிருந்தாங்களாம். அதுவழியாத்தான் என் புள்ளைக்கிக் குளிரு எறங்கியிருக்கு. அன்னைக்கி நான் பக்கத்துல இல்ல. இருந்திருந்தா அடச்சிருப்பேன். இன்னைக்காவது அடைக்கிறேனே."

மெஹர் பானுவின் வாய் வரைக்கும் உண்மை வந்தது. வயிற்றுப் பிள்ளை மேல் போட்ட ஆணையும் கூடவே வந்து நின்றது. "அடைக்காதீங்கம்மா, அதுக்குள்ள என் வூட்டுக்காரரு படுக்குறேங்குறாரு" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப இன்னும் நல்லா அடைக்கணும். அதும் ஒரு தாய் பெத்த புள்ளதானே" என்றாள் பூவாயி.

மெஹர் பானு வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் பொய்தான் தினமும் அங்கே வைக்கோல் திணிக்கிறது, போய் அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று சண்டை போட்டாள். அடைத்தது பூவாயி என்று தெரிந்ததில் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உண்மையைச் சொல்ல மட்டும் முடியாது என்றான். பிறகு இரண்டு நாள் அவன் கடற்கரைப் பக்கமே போகவில்லை. கிறுக்கு தெளிந்தது என்று அவள் சந்தோஷப்பட்டாள். நாகூரில் கயிறு பார்க்கப் போகிறேன், காலையில்தான் வருவேன் என்று அவன் ஒரு மத்தியானம் கிளம்பியபோது, வரும்போது அல்வா வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

விடியற்காலையில், பாங்குச் சத்தத்துக்கு முன்னால், அடுப்படியில் சுரண்டுகிற சத்தம் கேட்டு அவள் விழித்தாள். இந்த முறை அது ஓய்ந்து ஓய்ந்து வரவில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு சுரண்டியது. விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். அலமாரியில் மூடிகள் வரிசையாக இருந்தன. தூக்குச்சட்டி மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அவள் காலில் செருப்புக்கூடப் போடவில்லை. வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு ஓடினாள். பாதையில் பாங்குச் சத்தம் அவளைப் பின்தொடர்ந்து வந்தது. கருக்களாச்சேரி மேட்டை அடையும்போது கிழக்கு வெளுத்திருந்தது. பனிமூட்டத்தில் குவியல் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அதன்மேல் முதுகைச் சாய்த்துப் பூவாயி உட்கார்ந்திருந்தாள், காவலுக்கு உட்கார்ந்த மாதிரி.

"வா தாயி. தம்பி உள்ளதான் படுத்திருக்கு. நல்லாத் தூங்குது. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே வந்து தொளைய அடச்சிட்டேன். பொட்டு வாடை எறங்காது."

வாசல் இருந்த பக்கத்தை மெஹர் பானு பார்த்தாள். வாசல் இல்லை. ஈரத்தில் ஊறிய மண் சரிந்து வந்து அதை மூடியிருந்தது.

"அல்லாவே! அம்மா, மூச்சு முட்டும்மா! எடுங்க, எடுங்க!"

அவள் குவியலில் தொற்றி ஏறி உச்சியிலிருந்த வைக்கோலைப் பிடுங்கினாள். வைக்கோல் வந்தது. அதற்குக் கீழே காற்று இல்லை. வேறு ஏதோ கையில் தட்டுப்பட்டது. மெத்தென்ற துணி, ஐஸைத் தொட்ட மாதிரி குளிர்ந்து விறைத்திருந்தது. இரண்டு விரலை விட்டு இழுத்தாள். உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல அது வர மறுத்தது. "விடு! விடுடா அவர!" என்று அவள் துளைக்குள் கத்தினாள். துணி சட்டென்று விட்டுக்கொடுத்தது. அவள் பின்னால் சாய்ந்து விழாமல் பூவாயி தாங்கிப் பிடித்தாள்.

உள்ளேயிருந்து சுரண்டுகிற சத்தம் வந்தது. வாசல் பக்கம் மண்ணுக்கு அந்தப்புறம், தகரம் விடாமல் சுரண்டியது.

"உசிரோட இருக்காரு! தோண்டுறாரு!" என்று மெஹர் பானு அழுதாள். இருவரும் சத்தம் வந்த இடத்தில் கையால் அள்ளினார்கள். அள்ள அள்ள மண் மறுபடி வழிந்தது. நகம் மடங்கி ரத்தம் வந்தது. மண்வெட்டி கொண்டுவராமல் ஓடி வந்த தன் புத்தியை மெஹர் பானு சபித்தாள். உள்ளே சுரண்டுகிற கை அவர்களைவிட வேகமாக இருந்தது. எங்கே தோண்டவேண்டும் என்று அதுதான் அவர்களுக்குக் காட்டியது. முதலில் மூடியின் விளிம்பு மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு ஓட்டை பெரிதாயிற்று.

அலாவுதீன் உள்ளே மேட்டின்மேல் கிடந்தான். இரண்டு கையையும் மார்போடு மடக்கி, முழங்காலைச் சுருட்டி, கண் மூடி, உதடு நீலமாக. மூடி அவனிடமிருந்து தூரத்தில், வாசலோரம் தனியாகக் கிடந்தது. அவன் விரல்களில் மண்ணே இல்லை.

இரண்டு பெண்களும் அக்குளில் கை கொடுத்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். பூவாயி அவன் மார்பைத் தேய்த்தாள். மெஹர் பானு கன்னத்தில் மாறி மாறி அடித்தாள். அடித்ததில் பாதி அவனை எழுப்ப, பாதி நாகூர்ப் பொய்க்கு. அவன் ஒரு பெரிய மூச்சை இழுத்தான், இருமினான், கண் திறந்தான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்போதுதான் பூவாயி மணலில் கிடந்த துணியை எடுத்தாள். சிவப்புக்கரைத் துண்டு. அதன் முனையில் ஒரு முடிச்சு. அவள் முடிச்சைக் கட்டை விரலால் தடவினாள். அவிழ்த்தாள். உள்ளே திருநீறு, நேற்று வைத்தது போல உலர்ந்திருந்தது.

"இது நான் முடிஞ்சது" என்றாள். "நான் இன்னைக்கி வைக்கோலத்தான் வச்சேன். கீழ ஏதோ மெத்துன்னு இருந்துச்சு, மண்ணுன்னு நெனச்சேன். தம்பி, இது எப்புடி வந்துச்சு? என் புள்ளையோட பொதச்சிட்டேன்னு சொன்னியே?"

அலாவுதீன் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தலையில கட்டிக்கத்தானே குடுத்தேன்? இது ஏன் தொளையில இருக்கு?"

பூவாயி புருஷனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். நீலம் பாரித்த அவன் உதட்டைப் பார்த்தாள். தான் திணித்து, இப்போது பிடுங்கப்பட்டுக் கிடக்கிற வைக்கோலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது மெஹர் பானுவுக்குத் தாங்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஆணைக்கு வருகிற பாவம் என் தலையில் வரட்டும் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆமாம்மா. அன்னைக்கும் இதாலதான் அடச்சிருந்தாரு. குளிர்ல போவல. மூச்சு முட்டிப் போயிட்டாரு."

பூவாயி அழவில்லை. துண்டை மடித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் அடைக்கச் சொன்னேன். அவன் அடச்சான்" என்றாள். "என் பேச்ச ஒருநாளும் தட்டாத புள்ள."

"அம்மா..." என்றான் அலாவுதீன்.

"நீ சும்மா இரு தம்பி. இத்தன வருசமா என்கிட்ட சொல்லாம நீ தவிச்சது போதும்."

அவள் எழுந்து குவியலின் மேல் சாய்ந்தாள். உச்சித் துளையில் விரலை விட்டு, உள்ளே ஒட்டியிருந்த கடைசி வைக்கோலையும் நோண்டி எடுத்தாள். துளையைச் சுற்றிச் சுரண்டி அகலமாக்கினாள். பிறகு வாயை அதனருகே கொண்டுபோனாள்.

"எய்யா, இளையபெருமாளு. அம்மா தொறந்துட்டேன்யா. வாடை எறங்குனா எறங்கட்டும். நீ மூச்சு வுடு."

கடல்கூட அப்போது அடங்கியிருந்தது போல மெஹர் பானுவுக்குத் தோன்றியது. குளிர்ந்த காலை வெளிச்சத்தில், அந்தத் துளையிலிருந்து மெல்லிய ஆவி எழும்பியது. நின்றது. மறுபடி எழும்பியது, நின்றது. உள்ளே படுத்திருந்த அலாவுதீன் வெளியே மணலில் கிடந்தான். உள்ளே யாரும் இல்லை.

பூவாயி துளையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மெஹர் பானுவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"சூடா இருக்கு பாரு தாயி" என்றாள்.

இருந்தது. தூங்குகிற பிள்ளையின் மூச்சைப் போல, வந்து வந்து பட்டது. வெயில் ஏறும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை.